அடைப்புப் படி

கடல் தன் பாட்டுக்கு மணலைக் கொண்டுவந்து கொட்டும். பங்குனியில் கொட்ட ஆரம்பித்தால் வைகாசி முடிவதற்குள் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் முகத்துவாரத்தை அடைத்துவிடும். அதில் யாருக்கும் கோபமில்லை. கடல் யாரையும் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை, செய்துவிட்டு யாரிடமும் கைநாட்டு வாங்குவதுமில்லை. அடைத்தால் ஊர்க்காரர்கள் போய்த் திறந்துவிடுவார்கள். ஆனி மாதத்துப் பௌர்ணமியில் கடல் ஏறி நிற்கும்போது வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய் மணலில் ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், மிச்ச வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கடல் உள்ளே வரும், கடலோடு இறால் வரும், மடவை வரும், பசியாவரத்திலும் தோணிரேவிலும் அடுப்பு எரியும்.

அந்த வருஷம் ஆனி பிறக்கும்போதே உலாந்தாக்காரர்கள் என்னும் டச்சுக்காரர்களின் கோட்டையிலிருந்து தண்டோரா வந்தது. முகத்துவாரத்து மணலில் எவனாவது ஒரு கூடை அள்ளினால் அவன் கையில் விலங்கு. காரணம் சொல்லவில்லை. கோட்டை கட்டிய நாளிலிருந்து அவர்கள் காரணம் சொல்லி ஒரு காரியம் செய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. மணல் மேட்டில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் வந்து நின்றார்கள். ஆனிப் பௌர்ணமி சும்மா போனது.

பசியாவரத்துத் தேசப்பனுக்குத்தான் இது நடு மண்டையில் விழுந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று வருஷா வருஷம் ஊர் கூடிச் சீட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். முகத்துவாரத்துப் பாடுதான் இருப்பதிலேயே கொழுத்தது. மீசை முளைத்த நாளாகச் சீட்டுப் பானையில் கை விட்டவன் தேசப்பன். அவனுக்குச் சேற்றுப் பாடு விழும், பாசிப் பாடு விழும், நண்டு மட்டும் வந்து வலையைக் கடித்துவிட்டுப் போகும் பாடு விழும். முகத்துவாரத்துப் பாடு இந்த வருஷம்தான் விழுந்தது. விழுந்த வருஷம் பார்த்து முகத்துவாரத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள். மழைக்காலம் வந்தால் புதுச் சீட்டு. பாடு வேறொருவனுக்குப் போய்விடும்.

ஏரியோ வற்றி, உப்பேறி, ஆறின கஞ்சி போல் கெட்டியாகிக் கிடந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்தன. ஆடிப் பௌர்ணமிக்குள் திறக்காவிட்டால் மிதப்பதற்கும் மீன் இருக்காது.

அவன் பெண்சாதி குப்பம்மாள் காலிப் பானையை அவன் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

“பாடு யாருது?” என்றாள்.

“என்னுது.”

“அப்போ கோட்டைக்கு ஊரு போய்க் கேக்குமா, நீ போய்க் கேப்பியா?”

“அவங்க பேசறது எனக்கு இன்னா புரியும்மே?”

“நான் பேசறது மட்டும் புரிஞ்சிடுதா? போயா.”

போனான்.

கோட்டை வாசலில் துபாஷி பொன்னுரங்கம் நின்றிருந்தான். துரைமாருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லும் உத்தியோகம் அவனுக்கு. அவனுக்கு இரண்டு பாஷை தெரியும், இரண்டிலும் உண்மை பேசத் தெரியாது என்று ஊரில் சொல்லுவார்கள்.

“துபாஷி சாமி, தொரையப் பாக்கணும். முகத்துவாரத்தத் தொறக்கணும்.”

“நீ எந்தத் தரம்?”

“நல்ல குடும்பம் சாமி.”

“அத்த யாரு கேட்டா? கோட்டையில பேசணும்னா தரம் இருக்கணும். ஒண்ணாந்தரம் உக்காந்துக்கினு பேசலாம். ரெண்டாந்தரம் நின்னுக்கினு பேசலாம். மூணாந்தரம் கேட்டா பதில் சொல்லலாம். நாலாந்தரம் இருமலாம்.”

“நானு?”

“நீ இன்னும் வரவே இல்ல. கோட்டை முறைப்படி பாத்தா இந்த எடத்துல நீ இல்ல.”

தேசப்பன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். இரண்டும் இருந்தன.

ஆனாலும் பொன்னுரங்கம் அவனை உள்ளே கூட்டிப் போனான். இரக்கத்தினால் இல்லை. யாராவது ஒருவன் வந்து துரையிடம் பேசினால்தான் துபாஷிக்கு வாய்ப்படி என்று சம்பளத்துக்கு மேல் ஒரு படி உண்டு. வாயை ஆட்டிய நேரத்துக்கு இத்தனை கரண்டி எண்ணெய் என்று கணக்கு. ஒரு வாரமாக யாரும் வராமல் அவன் வீட்டில் விளக்கு எரியவில்லை.

உள்ளே கணக்குத்துரை பெரிய நாற்காலியில் சரிந்து கிடந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றான். மேலே கூரை இருந்தது, ஆனாலும் குடை பிடித்தான். கூரை எல்லோருக்கும் உண்டு, குடை தரத்துக்கு மட்டும்தான் உண்டு என்று பொன்னுரங்கம் காதோடு சொன்னான். ஒன்றாம் தரத்துக்கு இரண்டு பேர் குடை பிடிக்கலாம். இரண்டாம் தரத்துக்கு ஒருவன். மூன்றாம் தரம் தன் குடையைத் தானே பிடிக்க வேண்டும். நாலாம் தரம் குடை வைத்துக்கொள்ளலாம், விரிக்கக் கூடாது.

மூலையில் நரைத்த எழுத்தன் ஒருவன் கை காலெல்லாம் தடிப்போடு உட்கார்ந்து சொறியாமல் எழுதிக்கொண்டிருந்தான். அடக்கிக்கொண்டு எழுதுகிறான் என்பது தோள் துடிப்பதிலேயே தெரிந்தது.

“அவருக்கு இன்னா ஒடம்புக்கு?” என்று தேசப்பன் கிசுகிசுத்தான்.

“கொசுக்கடி. ஆனா சொறியக் கூடாது. கொசுப்படி மூணாந்தரத்துக்கு மேலதான். இவரு நாலாந்தரம். சொறிஞ்சா கொசு கடிச்சதா ஆயிடும். கடிச்சதா ஆயிட்டா படி கேக்கறாருன்னு ஆயிடும். ஒண்ணாந்தரத்துக்கு ரெண்டு வலையும் வேப்பெண்ணெயும் உண்டு. அவரத்தான் கொசு ஜாஸ்தி கடிக்கும்னு எழுதி வச்சிருக்குது.”

“கொசுவுக்குத் தெரியுமா அது?”

“தெரியலன்னா தப்பு கொசுவுது.”

கணக்குத்துரை பேச ஆரம்பித்தார். பொன்னுரங்கம் அதைத் துரைமாருக்கென்று வைத்திருக்கும் கஞ்சி போட்ட தமிழில் சொன்னான்.

“அப்பனே, நாங்கள் சொந்த மண்ணையும் வெண்ணெயையும் விட்டு இவ்வளவு தூரம் வந்தது சேவைக்காக. சேவை கண்ணுக்குத் தெரியாத பொருள். ஆனால் படி கண்ணுக்குத் தெரியும். ஆகவே எவனுக்குப் படி அதிகமோ அவன் சேவை அதிகம் என்று அறிக. எனக்கு அரிசிப்படி உண்டு, சாராயப்படி உண்டு, மெழுகுவத்திப்படி உண்டு, வெயிற்படி உண்டு, வெயிலில் போகாமல் இருப்பதால் நிழற்படியும் உண்டு. ஊர் ஞாபகம் வந்தால் ஏக்கப்படி. என் மனைவியை நினைத்து ஏங்குவதற்கு மூன்று வருஷமாக வாங்குகிறேன். இவ்வளவு தியாகம் வேறெந்த மனிதன் செய்திருக்கிறான், சொல்!”

“மகராசன். அந்த அம்மா எங்க கீறாங்க?”

“இங்கேதான், மாடியில். கூடவே இருப்பவளை நினைத்து ஏங்குவது இன்னும் சிரமம். அதனால் எனக்கு ஒன்றரைப் பங்கு.”

தேசப்பன் அடக்கமாகத் தன் விஷயத்தைச் சொன்னான். முகத்துவாரம், இறால், ஆடிப் பௌர்ணமி.

முகத்துவாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் கணக்குத்துரை சரிந்து கிடந்தவர் நிமிர்ந்தார். குடைக்காரன் கம்பு அவர் மண்டையில் இடித்தது.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. முகத்துவாரம் அடைந்தால் கப்பற்படகு ஏரிக்குள் வராது. படகு வராத கோட்டை, பகைவன் முற்றுகை போட்ட கோட்டைக்குச் சமானம். முற்றுகையில் இருக்கும் உத்தியோகஸ்தனுக்கு அரிசி, சாராயம், மெழுகுவத்தி, நெய் எல்லாம் இரட்டிப்பு. இதற்கு அடைப்புப் படி என்று பேர். முகத்துவாரம் இடைவிடாமல் அடைந்து கிடக்கும் வரைக்கும் உண்டு. ஒரு நாள் திறந்தாலும் நின்றுபோகும்.

“படகு வரலன்னா ரெட்டிப்பு அரிசி எப்படி வருது சாமி?” என்று தேசப்பன் துபாஷியைக் கேட்டான்.

“மாட்டு வண்டியில. அத்த மட்டும் இங்க கேக்காத. முற்றுகைக்குள்ள மாட்டு வண்டி வர்றது யாருக்கும் தெரியாது.”

கணக்குத்துரை கடைசியில் ஒரு வழி சொன்னார். கோரிக்கையைக் காதில் வாங்க வேண்டுமானால் கேட்பவனுக்குத் தரம் வேண்டும். ஆகவே தேசப்பனைக் கோட்டை உத்தியோகத்தில் எடுத்துக்கொள்வது. முகத்துவாரக் காவல் உதவி, ஐந்தாம் தரம், தற்காலிகம், படி கிடையாது. ஐந்தாம் தரத்துக்கு உரிய மரியாதையாக ஒரு குடைக்காம்பு கொடுத்தார்கள். துணியும் கிடையாது, கம்பியும் கிடையாது. வெறும் காம்பு. அதை எப்போதும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் தரத்துக்கு அவமானம்.

“இப்போ என் கோரிக்கைய வாங்கிக்குவாங்களா?”

பொன்னுரங்கம் துரையைக் கேட்டுவிட்டுச் சொன்னான். “இப்போ நீ கோட்டை ஆளு. கோட்டை ஆளு கோட்டை உத்தரவுக்கு எதிரா கோரிக்கை வைக்கக் கூடாது. போய் வேலையப் பாரு.”

தேசப்பன் காம்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். பக்கத்து வீட்டு ராஜவேலுவுக்கு வருஷம் முழுக்கச் சிரிப்பதற்கு விஷயம் கிடைத்தது.

“இன்னா நைனா, பெரிய உத்தியோகம் போலக்கீதே! மழ வந்தா காம்பு நனையாம பாத்துக்கோ.”

“போடா அந்தாண்ட.”

“எங்களுக்கும் கொஞ்சம் நெழல் குடு தொரை, காம்பு நெழலு!”

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் தேசப்பன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினபோது சிப்பாய் தடுத்தான். கோட்டை உத்தியோகஸ்தன் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது, மீன் பிடிப்பது வியாபாரம். வீட்டு மராமத்துக்கு மண்வெட்டியைத் தொட்டபோதும் தடுத்தான். மண் வெட்டுவது கூலித் தரம், ஐந்தாம் தரம் அதைத் தொட்டால் தீட்டு. சரி, இந்த உத்தியோகமே வேண்டாம் என்று கோட்டைக்கு ஓடினான். உத்தியோகத்தை விடுவதற்கு மூன்றாம் தரம் வரை போயிருக்க வேண்டும் என்றார்கள். அதற்குக் கீழே இருப்பவன் உத்தியோகத்தை விட முடியாது, சாகத்தான் முடியும்.

இப்படியாக, முகத்துவாரத்தைத் திறக்கப் போனவன் முகத்துவாரத்துக்குக் காவல் ஆனான். பகலெல்லாம் மணல் மேட்டில் காம்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் கடல் வந்து வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இன்னொரு பக்கம் ஏரி நாறும். நடுவில் அவன். கடல் பக்கத்து நுரையில் கண்ணுக்குத் தெரியும்படியாகவே இறால் குஞ்சுகள் மணலில் வந்து விழுந்து துள்ளும். துள்ளித் துள்ளிச் செத்துப்போகும். அவன் பாட்டுக்கு வர வேண்டியவை. ஊர்ப் பெண்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி அல்லிக் கிழங்கு தேடுவார்கள், உப்புத் தண்ணீரில் அல்லி எங்கே இருக்கும். குப்பம்மாள் அவனுக்குக் கூழ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். கோபத்தினால் இல்லை, கூழ் இல்லை.

“காம்பக் குடு,” என்றாள் ஒரு நாள்.

“எதுக்குமே?”

“வேக வச்சித் திங்கலாம்னு பாத்தேன்.”

அன்றைக்கே அவன் கோட்டைத்துரையின் முன்னால் போய் விழுந்தான். கோட்டைத்துரைதான் பழவேற்காட்டில் ஒன்றாம் தரம். அவருக்கு இரண்டு பேர் குடை பிடித்தார்கள், இரண்டு குடையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அவர் மேல் சுத்தமாக வெயில் விழுந்தது.

“தொரை, புள்ளகுட்டிங்க பட்டினி கெடக்குதுங்க. ஆடிப் பௌர்ணமி நெருங்கிடுச்சி.”

கோட்டைத்துரை எழுந்து நின்றார். கண் கலங்கியது. அவர் பேச்சையும் பொன்னுரங்கம் சொன்னான்.

“உன் கஷ்டம் கேட்டு என் நெஞ்சு உருகுகிறது. ஆனால் உன் கஷ்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கள் கஷ்டம் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் அடைபட்டுக் கிடக்கிறோம் என்பதற்கு இரட்டைச் சாராயம் சாட்சி. நாங்கள் இருட்டில் தவிக்கிறோம் என்பதற்கு இரட்டை மெழுகுவத்தி சாட்சி. நீ இன்றைக்கு முகத்துவாரத்தைத் திறந்துவிட்டால் நாங்கள் இத்தனை நாள் பட்ட துன்பம் என்ன ஆவது? துன்பம் பாதியில் நின்றால் அதைவிடத் துன்பம் உண்டா? நீ பட்டினி கிடக்கிறாய், சரி. அந்தப் பட்டினிக்கு உனக்கு ஏதாவது படி உண்டா? இல்லை. படி இல்லாத பட்டினி எப்படிப் பட்டினி ஆகும்?”

சொல்லி முடித்துவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். தேசப்பன் பேச வாயெடுத்தான். இருமுவதற்குக்கூட அவனுக்குத் தரம் இல்லை என்று வெளியே தள்ளினார்கள்.

ஆடிப் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது கோட்டைக்குள் பேய் புகுந்தது போல ஆயிற்று. பௌர்ணமியன்று நாகப்பட்டணத்திலிருந்து தணிக்கைத்துரை கப்பலில் வருகிறார். இந்த முகத்துவாரம் மட்டும் ஏன் இவ்வளவு நாள் அடைந்து கிடக்கிறது, அடைந்துதான் கிடக்கிறதா என்று கண்ணால் பார்க்கப் போகிறார். கோட்டைத்துரைக்குச் சந்தோஷம்தான். அடைந்துதான் கிடக்கிறது, வந்து பார்க்கட்டும் என்றார். அப்புறம்தான் கணக்குத்துரை தன் தலையில் அடித்துக்கொண்டார்.

தணிக்கைத்துரை ஒன்றாம் தரத்துக்கும் மேலே இருக்கும் தரம். அந்தத் தரத்துக்காரர் வந்து இறங்கும் முறை ஒன்று உண்டு. படகிலிருந்து எடுத்த காலைக் கோட்டையின் கருங்கல் துறையில்தான் வைக்க வேண்டும். நடுவே மணல் படக் கூடாது. துறை ஏரிக்குள் இருக்கிறது. படகு ஏரிக்குள் வர வேண்டும். ஏரிக்குள் வர வழி முகத்துவாரம் ஒன்றுதான்.

அடைந்து கிடக்கிறது என்று பார்க்க வருகிறவர், அடைந்து கிடந்தால் வர முடியாது.

காலையில் உட்கார்ந்த சபை மத்தியானம் வரை கலையவில்லை. வாசலில் காம்போடு நின்ற தேசப்பன் காதில் எல்லாம் விழுந்தது. பொன்னுரங்கம் வாய்ப்படிக்காக ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில், தணிக்கைத்துரையை மணல் மேட்டின் மேல் தூக்கிக்கொண்டு வரலாம் என்றார்கள். அந்த உடம்பைத் தொட இரண்டாம் தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒன்றாம் தரமோ எதையும் தூக்கக் கூடாது. இரண்டாம் தரம் கணக்குத்துரை ஒருவர்தான். அவர் தன் முழங்காலைக் காட்டினார். அப்புறம், தூக்கினால் தனக்குச் சுமைப்படி எவ்வளவு என்று கேட்டார். அதற்கு முறை எழுதவில்லை. முறை எழுதாத பாரத்தைத் தூக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்படியானால் துரையைப் படகில் உட்கார வைத்தபடி படகோடு கூலிக்காரர்கள் தூக்கலாமே என்றார் கோட்டைத்துரை. எல்லோர் முகமும் மலர்ந்தது. நரைத்த எழுத்தன் இருமினான். இருமலோடு இருமலாகச் சொன்னான், படகில் தண்ணீர் மேல் இருப்பவருக்குக் கடற்படி, தரையில் இருப்பவருக்குத் தரைப்படி. தோளின் மேல் போகும் படகில் இருப்பவர் கடலிலும் இல்லை, தரையிலும் இல்லை. மேட்டைத் தாண்டும் வரைக்கும் அவருக்கு எந்தப் படியும் கிடையாது.

படியில்லாத நேரத்தில் ஒரு பெரிய துரையை அந்தரத்தில் நிறுத்துவதை நினைத்துப் பார்த்து எல்லோரும் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள்.

“அந்த முகத்துவாரக் காவலைக் கூப்பிடு,” என்றார் கோட்டைத்துரை.

தேசப்பன் உள்ளே போனான்.

“அப்பனே, மணலை வெட்டித் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“பௌர்ணமி ஏத்தத்துக்கு வெட்னா, சோறு வேகற நேரம் தொரை.”

“அவர் உள்ளே வந்து, அடைந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, வெளியே போனதும், மறுபடி அடைத்துவிட முடியுமா?”

தேசப்பன் காம்பைப் பார்த்தான், துபாஷியைப் பார்த்தான். பொன்னுரங்கம் கண்ணைச் சிமிட்டினானா, கொசு கடித்ததா தெரியவில்லை.

“பேஷா அடச்சிடலாம் தொரை,” என்றான்.

பௌர்ணமி அன்று விடியும் முன்பே ஊர் முகத்துவாரத்தில் நின்றது. தோணிரேவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். இத்தனை நாள் மேட்டைக் காத்த சிப்பாய்களே கூடை எடுத்துக் கொடுத்தார்கள். குடைக்குக் கீழே கோட்டைத்துரை வந்து நின்றார்.

அங்கே ஒரு வழக்கம். முதல் கூடை மண்ணைப் பாட்டுக்காரன் பெண்சாதிதான் அள்ள வேண்டும். அள்ளிக் கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வீச வேண்டும். வாய் நிறையத் திட்டினால்தான் கடலுக்கு ரோஷம் வந்து உள்ளே வரும். குப்பம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். ஆனால் அவள் கண் கடல் மேல் இல்லை.

“வெக்கங்கெட்டவனே! ஊரு வயித்துல மண்ணப் போட்டுட்டு நீ மட்டும் ரெட்டிப்பா திங்கிறியே, உன் வயிறு ஊதி வெடிக்காதா? உனக்குப் பேதி புடுங்க! அடச்சி வச்சித் தின்னது அத்தினியும் அடைக்காம போவ! வாடா உள்ள!”

“என்ன சொல்கிறாள்?” என்று கோட்டைத்துரை கேட்டார்.

“தங்கள் தேக சுகத்துக்காகப் பிரார்த்தனை பண்ணுகிறாள்,” என்றான் பொன்னுரங்கம்.

துரை தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பில் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை.

ஐந்தாம் தரம் மண்ணைத் தொடக் கூடாதாகையால் தேசப்பன் ஓரமாக நின்றான். ஊரே வெட்டுகிறது, தன் பாடு, தான் வெட்டவில்லை. வாய்க்கால் பாதிக்கு வந்தது. கடல் ஒரு நாக்கு நீட்டித் தொட்டுப் பார்த்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. காம்பை வீசி எறிந்துவிட்டு உள்ளே குதித்து இரண்டு கையாலும் மணலை வாரினான்.

“உன் தரம் போயிற்று!” என்று கணக்குத்துரை மேலேயிருந்து கத்தினார்.

“போவட்டும் போ,” என்றான் தேசப்பன், குனிந்தபடியே. கடல் அவன் முதுகின் மேலேயே ஏறிக்கொண்டு உள்ளே வந்தது. அவனையும் உருட்டி ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனது. ராஜவேலு முடியைப் பிடித்துத் தூக்கும்போது அவன் வாய் நிறையப் புதுத் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு.

மத்தியானம் தணிக்கைத்துரையின் படகு வந்தது. திறந்த முகத்துவாரத்தின் நடுவே, நாலு குடையோடு, ஒரு சொட்டு அலைகூட மேலே தெறிக்காமல் வந்து கருங்கல் துறையில் நின்றது. தணிக்கைத்துரைக் கிழவர் காலை எடுத்துக் கல்லில் வைத்தார்.

“எங்கே அந்த அடைந்த முகத்துவாரம்?”

எல்லோரும் அவருக்குப் பின்னால் கையைக் காட்டினார்கள்.

“நான் இப்போது வந்த வழியா?”

“அதேதான்.”

கிழவர் திரும்பிப் பார்த்தார். கடல் தண்ணீர் சலசலவென்று ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் குழந்தைகள் முங்கிக் குளித்தார்கள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அடைந்த துறைமுகத்தைத் தணிக்கை செய்யப் போகிறவனுக்கு என்ன படி?” என்று கேட்டார்.

கணக்குத்துரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். மூன்று பங்கு திராட்சைச் சாராயம், ஆபத்துப்படி, அடைப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் வீரப்படி.

“திறந்த துறைமுகத்துக்கு?”

“ஒன்றுமில்லை.”

கிழவர் நெஞ்சில் கை வைத்தார். “நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்லுவேன். இவ்வளவு நன்றாக அடைந்த முகத்துவாரத்தை என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. இதற்குள் நுழைய என் படகு பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்த வருஷம் வரைக்கும் இது அடைந்தே கிடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.”

அடைந்த முகத்துவாரத்தின் வழியாகவே சாயங்காலம் திரும்பியும் போனார்.

அவர் போனதும் தேசப்பனை அடைக்கச் சொன்னார்கள். அவன் தரம் போன ஆள், அவனுக்கு உத்தரவு போட முறையில்லை. சிப்பாய்களை அனுப்பினார்கள். அவர்கள் கூடை கூடையாக மணலைத் தண்ணீரில் கொட்டினார்கள். கடல் மணலை வாங்கிக்கொண்டது, அப்புறம் கூடையை வாங்கிக்கொண்டது, ஒரு சிப்பாயின் தொப்பியையும் வாங்கிக்கொண்டது. பெரிய துரையே அடைந்ததாகச் சொல்லிவிட்ட பிறகு அடைப்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

இறால் வந்தது. வலையைப் போட்டால் தூக்க ஆள் போதவில்லை. பாட்டுக்காரன் வீட்டு வாசலில் குவியலாகக் கிடந்தது. ஊர் முழுக்க வறுக்கிற வாசனை கோட்டை மதிலை ஏறிக் குதித்து உள்ளே போனது. முகத்துவாரத்துப் பாட்டில் முதல் கூடை கோட்டைக்கு இனாமாகக் கொடுக்க வேண்டும் என்பது வெகு நாளைய வழக்கம். அதை வாங்கிப்போகப் பொன்னுரங்கம் கூடையோடு வந்தான்.

“இன்னா கூடை?” என்றான் தேசப்பன்.

“எறா.”

“ஏது எறா? முகத்துவாரம் அடஞ்சி கெடக்குதே சாமி. பெரிய தொரையே கண்ணால பாத்துட்டுப் போனாரே. கடல் வராம எறா எங்கேருந்து வரும்?”

பொன்னுரங்கம் காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தான். ஒரு இறால் துள்ளி அவன் செருப்பின் மேல் விழுந்தது.

“தோ, எறா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. எறா கீதுன்னு நீ சொன்னா, முகத்துவாரம் தொறந்துக்கீதுன்னு ஆயிடும். அப்பால உங்க ரெட்டிப்பு அரிசிய திருப்பிக் குடுக்கணும். சொல்றியா?”

துபாஷி தொண்டையைக் கனைத்தான். செருப்பின் மேலிருந்த இறாலைப் பார்த்து, “இல்ல,” என்றான். காலிக் கூடையோடு கோட்டைக்குப் போய்ச் சொன்னான். கோட்டையில் வெகு நேரம் யோசித்துவிட்டு, இல்லாத இறாலுக்கு இனாம் கிடையாது, வரியும் கிடையாது என்று முடிவு பண்ணினார்கள்.

மறுநாள் பொன்னுரங்கம் திரும்ப வந்தான். கையில் கூடை இல்லை, இடுப்பில் ஒரு மூட்டை அரிசி.

“குப்பம்மா, அந்த வாசன என்னைத் தூங்க வுடலம்மா. ஒரு எல போடு.”

“எறாதான் உன் கண்ணுக்குத் தெரியாதே.”

“தெரியாது தாயே.”

“அப்போ கண்ண மூடிக்கினு தின்னு. அரிசிய அங்க வை.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அடுத்த நாள் நரைத்த எழுத்தன் மெழுகுவத்தியோடு வந்தான். அப்புறம் கணக்குத்துரை முழங்காலைத் தடவிக்கொண்டு நெய்க் குடத்தோடு வந்தார். முதல் இலை தன் தரத்துக்கு வேண்டும் என்றார். “தரம்லாம் உங்க கோட்டைல. வந்த வரிசைல உக்காரு,” என்றாள் குப்பம்மாள். உட்கார்ந்தார். ஆவணி பாதியாவதற்குள் அடைப்புப் படியாகக் கோட்டைக்கு வந்த அரிசியில் முக்கால்வாசி பசியாவரத்துப் பானைகளில் கிடந்தது.

கடைசியில் கோட்டைத்துரையே வந்தார். குடைக்காரர்கள் இல்லை. சாராயப் பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். வெறும் மணலில் சப்பணம் கூட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பொன்னுரங்கத்துக்கும் எழுத்தனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். குப்பம்மாள் வறுத்த இறாலை இலையில் தள்ளினாள். அவர் தடவித் தடவித் தின்றார். இறால் ஓடு ஒன்று தொண்டையில் குத்தியதோ என்னவோ, ஒரு கண் மெல்ல விரியப் பார்த்தது.

தேசப்பன் பாய்ந்து வந்து கையை நீட்டி மறைத்தான்.

“தொறக்காத தொரை! நீ கண்ணத் தொறந்தா முகத்துவாரமும் தொறந்துக்கும்.”

பொன்னுரங்கம் தன் கண்ணையும் மூடியபடியே அதை மாற்றிச் சொன்னான். கோட்டைத்துரை இரண்டு கண்ணையும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, இலையை முன்னால் தள்ளினார்.